காந்தத் துளைப்பொறி

காந்தத் துளைப்பொறி என்பது, அடிப்பகுதியில் உள்ள வலிமையான காந்தத்தின் உதவியால் எஃகுப் பரப்பின் மீது தானே பற்றிக்கொண்டு துளையிடும், எடுத்துச் செல்லத்தக்க ஒரு பொறி ஆகும். பட்டறைகளில் இது மேக்னெட்டிக் டிரில் என்றும், சுருக்கமாக மேக் டிரில் என்றும் அழைக்கப்படுகிறது. நிலையான துளைப்பொறியில் துளையிட வேண்டிய பொருளைப் பொறியிடம் கொண்டு செல்ல வேண்டும். காந்தத் துளைப்பொறியிலோ பொறி பொருளிடம் கொண்டு செல்லப்படுகிறது. பாலங்கள், கப்பல்கள், எஃகுக் கட்டடங்கள் போன்ற நகர்த்த இயலாத அமைப்புகளில் துளையிட இது பெரிதும் பயன்படுகிறது.

தொழிற்சாலைகளுக்காக உருவான இப்பொறி, விலை குறைந்த வடிவங்களில் வீட்டுப் பட்டறை வைத்திருப்போரையும் எட்டியுள்ளது. இத்தகைய பொறிகளின் விளம்பரங்களில் இயக்கியின் திறனும், இடக்கூடிய துளையின் பெரும விட்டமும் முதன்மையாகக் குறிப்பிடப்படுகின்றன. ஆனால் எப்போதாவது ஒரு முறை பயன்படுத்துபவருக்குப் பொறி பயன்படுமா என்பதையும், அது பாதுகாப்பானதா என்பதையும் தீர்மானிப்பது அவர் துளையிடப் போகும் எஃகின் தடிமன் ஆகும். இக்கட்டுரை இப்பொறியின் அமைப்பையும் இயக்கத்தையும், அவற்றின் அடிப்படையில் அதனைத் தெரிவு செய்யும் முறையையும் விளக்குகிறது.

வரலாறு

இப்பொறி, வெவ்வேறு காலங்களில் தோன்றிய மூன்று கண்டுபிடிப்புகளின் சேர்க்கை ஆகும். முதலாவது மின்காந்தம். இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் இசுடர்ச்சன் 1825ஆம் ஆண்டில் தமது மின்காந்தத்தைக் காட்சிப்படுத்தினார். ஏறத்தாழ 200 கிராம் எடை கொண்ட அவரது குதிரைலாட வடிவ இரும்பு, மின்னோட்டம் பாய்ந்தபோது ஏறத்தாழ 4 கிலோகிராம் எடையைத் தூக்கியது.

இரண்டாவது மின்துளைப்பொறி. ஆர்தர் சேம்சு ஆர்னாட், வில்லியம் பிளாஞ்சு பிரெய்ன் ஆகிய இருவரும் 1889இல் ஆத்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் மின்துளைப்பொறிக்குக் காப்புரிமை பெற்றனர். 1895இல் செருமனியின் இசுடுட்கார்ட் நகரில் இயங்கிய ஃபைன் நிறுவனம், கையில் பிடித்து இயக்கத்தக்க மின்துளைப்பொறியை உருவாக்கியது.

மூன்றாவது வளைய வெட்டி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த எவரெட் அவுகன் என்பவர் உருவாக்கிய இவ்வெட்டி 1970களில் பரவலாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே எஃகுக் கட்டுமானத்தில் தறையாணிகளின் இடத்தை உயர்வலிமை மரையாணிகள் பிடித்து வந்தன. இதனால் பணியிடத்திலேயே துல்லியமான துளைகளை விரைவாக இடும் தேவை மிகுந்திருந்தது. வளைய வெட்டியும் காந்த அடித்தளமும் இணைந்து அத்தேவையை நிறைவு செய்தன.

அமைப்பு

காந்தத் துளைப்பொறியின் முதன்மையான பகுதிகள் பின்வருமாறு:

அடித்தளக் காந்தம்: பெரும்பாலான பொறிகளில் இது மின்காந்தம் ஆகும். வீட்டு மின்வழங்கலின் மாறுமின்னோட்டம் அலைதிருத்தி மூலம் நேர்மின்னோட்டமாக மாற்றப்பட்டுக் கம்பிச்சுருளுக்கு அளிக்கப்படுகிறது. சில பொறிகளில், குறிப்பாக மின்கலத்தால் இயங்கும் சிலவற்றில், நெம்புகோலால் இயக்கி நிறுத்தத்தக்க நிலைக்காந்தம் உள்ளது.

உடலும் நகர்தடமும்: இயக்கி, புறாவால் வடிவ நகர்தடத்தில் மேலும் கீழும் நகரும். பற்சட்டமும் பற்சக்கரமும் இந்நகர்வைத் தருகின்றன. பற்சக்கரத்தைக் கைப்பிடிகள் சுழற்றுகின்றன.

இயக்கியும் பல்லிணைப் பெட்டியும்: இயக்கியின் உயர்ந்த சுழல்வேகத்தைப் பல்லிணைகள் குறைத்து, முறுக்குவிசையைக் கூட்டுகின்றன.

வெட்டிப் பற்றி: வளைய வெட்டியின் தண்டு இதில் செருகப்பட்டுத் திருகுகளால் இறுக்கப்படுகிறது. 19 மி.மீ. விட்டமும் இரு தட்டை முகங்களும் கொண்ட வெல்டன் தண்டு பரவலாக உள்ளது. பெரிய பொறிகளில் மோர்சு கூம்பும் காணப்படுகிறது. தக்க இணைப்பி இருந்தால் சாதாரண சக்கையும் பொருத்தி, சிறிய துளையலகுகளைப் பயன்படுத்தலாம்.

வளைய வெட்டி

சாதாரண முறுக்குத் துளையலகு, துளையின் முழுப் பரப்பில் உள்ள உலோகத்தையும் சீவல்களாக மாற்றுகிறது. வளைய வெட்டி ஒரு குழாயைப் போன்றது. அது துளையின் விளிம்பை மட்டும் வளையமாக வெட்டி, நடுவில் உள்ள உலோகத்தை ஒரு கட்டையாக வெளியேற்றுகிறது.

எடுத்துக்காட்டாக, 20 மி.மீ. மரையாணிக்கு எஃகுக் கட்டுமானத்தில் இடப்படும் 22 மி.மீ. துளையைக் கொள்வோம். அதன் முழுப் பரப்பு 380 சதுர மி.மீ. ஆகும். வெட்டியின் சுவர் 4 மி.மீ. எனின், உள்விட்டம் 14 மி.மீ.; நடுக்கட்டையின் பரப்பு 154 சதுர மி.மீ. எனவே சீவலாக மாறும் பரப்பு 226 சதுர மி.மீ. மட்டுமே. அதாவது முழுப் பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு. மேலும் முறுக்குத் துளையலகின் மையத்தில் உள்ள முனை உலோகத்தை வெட்டுவதைவிட நசுக்குவதே மிகுதி. கீழ்நோக்கிய அழுத்தத்தில் பெரும்பங்கை அதுவே உறிஞ்சுகிறது. வளைய வெட்டியில் அத்தகைய முனை இல்லை. சிறிய இயக்கி கொண்ட பொறி பெரிய துளையை இட முடிவது இதனாலேயே ஆகும்.

வெட்டியின் நடுவே ஒரு வழிகாட்டு ஊசி உள்ளது. இது துளையின் மையத்தைக் காட்டுவதுடன், வெட்டெண்ணெயை உள்ளே செலுத்தவும், இறுதியில் நடுக்கட்டையை வெளியே தள்ளவும் பயன்படுகிறது. வெட்டிகள் உயர்வேக எஃகினாலோ, தங்குதன் கார்பைடு பற்களுடனோ செய்யப்படுகின்றன. மெல்லெஃகில் அவ்வப்போது துளையிடுவோர்க்கு உயர்வேக எஃகு வெட்டிகள் போதுமானவை. கார்பைடு பற்கள் கடினமானவை. ஆனால் அதிர்வால் எளிதில் உடையக்கூடியவை.

பிடிவிசை

காந்தத்தின் பிடிவிசை முனைப்பரப்பையும், காந்தப்பாய அடர்த்தியின் இருபடியையும் சார்ந்தது. பாய அடர்த்தி 1 டெசுலா எனின், ஒரு சதுர மி.மீ. முனைப்பரப்புக்கு ஏறத்தாழ 0.4 நியூட்டன் விசை கிடைக்கும். 1.4 டெசுலாவில் இது ஏறத்தாழ 0.78 நியூட்டன் ஆகும். முனைகளின் மொத்தப் பரப்பு 12,800 சதுர மி.மீ. எனக் கொண்டால் (80 மி.மீ. அகலம், 160 மி.மீ. நீளம்) பிடிவிசை ஏறத்தாழ 10,000 நியூட்டன், அதாவது ஒரு டன் எடைக்கு இணையானது. பொறியின் பெயர்த்தட்டில் எழுதப்படுவது இத்தகைய எண்ணே ஆகும். இது தடித்த, தட்டையான, தூய்மையான மெல்லெஃகின் மீது மட்டுமே பொருந்தும். நடைமுறையில் இதனைக் குறைக்கும் காரணிகள் பல.

1. தகட்டின் தடிமன்

காந்தப்பாயம் ஒரு முனையிலிருந்து வெளிப்பட்டு, தகட்டின் ஊடாகப் பக்கவாட்டில் சென்று மறுமுனையை அடைய வேண்டும். மெல்லெஃகு ஏறத்தாழ 2 டெசுலாவில் காந்தத் தெவிட்டு நிலையை அடைகிறது. அதற்குமேல் கூடுதல் பாயத்தை அது எளிதில் ஏற்பதில்லை.

மேற்கூறிய காந்தத்தின் நடுமுனை 40 மி.மீ. அகலமும், அதன் இருபுறமும் உள்ள முனைகள் 20 மி.மீ. அகலமும் கொண்டவை எனக் கொள்வோம். நடுமுனையின் பாயம் இருபுறமும் பாதி பாதியாகப் பிரிகிறது. 20 மி.மீ. அகலத்தில் 1.4 டெசுலா அடர்த்தியில் வரும் பாயத்தை 2 டெசுலாவில் சுமக்க 14 மி.மீ. தடிமன் தேவை. தகடு 7 மி.மீ. எனின் பாதிப் பாயமே செல்லும். விசை இருபடியைச் சார்ந்தது என்பதால் பிடிவிசை நான்கில் ஒரு பங்காகக் குறையும். 3 மி.மீ. சுவர் கொண்ட சதுரக் குழாயில் அது ஏறத்தாழ 5 விழுக்காடாகிவிடும்.

இது கசிவுப் பாயத்தைக் கணக்கில் கொள்ளாத எளிய கணக்கு. முனைகளை ஒடுக்கமாகவும் பலவாகவும் அமைத்த காந்தங்கள் மெல்லிய தகட்டில் இதைவிட நன்றாகப் பிடிக்கும். எனினும் தடிமன் குறையும்போது பிடிவிசை மிக விரைவாகக் குறையும் என்பது எல்லாப் பொறிகளுக்கும் பொது.

2. இடைவெளி

காந்தப்பாயத்திற்கு எஃகு எளிய வழி. காற்றும் வண்ணப்பூச்சும் கடினமான வழி. எஃகின் சார்பு உட்புகுதிறன் 1,000 எனின், 0.1 மி.மீ. தடிமனுள்ள வண்ணப்பூச்சு, 100 மி.மீ. நீள எஃகு தரும் தடையைத் தானே தருகிறது. துரு, உருட்டாலைப் படலம், ஒட்டியிருக்கும் சீவல்கள், பற்றவைப்புத் துளிகள் ஆகியனவும் இவ்வாறே பிடிவிசையைக் குறைக்கின்றன.

3. நெம்புதல்

வெட்டி, காந்த அடித்தளத்திற்கு மேலே அன்றி அதற்கு முன்னால் அமைந்துள்ளது. பயனர் வெட்டியைக் கீழே அழுத்தும்போது, அதே அளவு விசை பொறியின் முன்பகுதியை மேலே தள்ளுகிறது. அடித்தளம் தனது பின்விளிம்பைச் சுழல்புள்ளியாகக் கொண்டு பெயர முயல்கிறது.

அடித்தளம் 160 மி.மீ. நீளமும், வெட்டியின் மையம் அதற்கு 50 மி.மீ. முன்னாலும் உள்ளதாகக் கொள்வோம். பிடிவிசை அடித்தளத்தின் நடுவில், அதாவது பின்விளிம்பிலிருந்து 80 மி.மீ. தொலைவில் செயல்படுகிறது. அழுத்தும் விசையோ 210 மி.மீ. தொலைவில் செயல்படுகிறது. எனவே தாங்கக்கூடிய அழுத்தம் பிடிவிசையில் 38 விழுக்காடு மட்டுமே. 10,000 நியூட்டன் பிடிவிசைக்கு இது 3,800 நியூட்டன். 7 மி.மீ. தகட்டில் 950 நியூட்டன். 3 மி.மீ. சுவரில் 200 நியூட்டனுக்கும் குறைவு.

200 மி.மீ. நீளக் கைப்பிடியில் 150 நியூட்டன் விசை (ஏறத்தாழ 15 கிலோகிராம் எடை) கொடுக்கப்படுகிறது எனவும், பற்சக்கரத்தின் ஆரம் 15 மி.மீ. எனவும் கொண்டால், வெட்டியின் மீது 2,000 நியூட்டன் அழுத்தம் உண்டாகும். தடித்த தகட்டில் இது பாதுகாப்பான அளவு. 7 மி.மீ. தகட்டில் இதே அழுத்தம் பொறியைப் பெயர்த்துவிடும். பயனர் வழக்கத்திற்கு மாறாக எதையும் செய்யாமலேயே விபத்து நேரிடலாம் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

4. வழுக்குதல்

வெட்டியின் முறுக்குவிசை பொறியைப் பக்கவாட்டில் திருப்ப முயல்கிறது. இதனைத் தடுப்பது உராய்வு மட்டுமே. உராய்வுக் குணகம் 0.15 எனின், 10,000 நியூட்டன் பிடிவிசை பக்கவாட்டில் 1,500 நியூட்டனை மட்டுமே எதிர்க்கும். அடித்தளத்தின் கீழ் எண்ணெய் கசிந்தால் இது மேலும் குறையும்.

அலுமினியம், பித்தளை, செம்பு ஆகியவற்றிலும், 304, 316 போன்ற ஆசுத்தெனைட்டு வகைத் துருவேறா எஃகிலும் காந்தம் பயன்தரும் அளவுக்குப் பற்றுவதில்லை.

சுழல்வேகம்

உயர்வேக எஃகு வெட்டியால் மெல்லெஃகை வெட்ட நிமிடத்திற்கு ஏறத்தாழ 25 மீட்டர் வெட்டுவேகம் ஏற்றது. இதற்கு 14 மி.மீ. வெட்டி நிமிடத்திற்கு ஏறத்தாழ 570 சுற்றும், 22 மி.மீ. வெட்டி 360 சுற்றும், 35 மி.மீ. வெட்டி 230 சுற்றும் சுழல வேண்டும்.

விலை குறைந்த பொறிகள் பலவற்றில் ஒரே ஒரு வேகமே உண்டு. அவ்வேகம் நிமிடத்திற்கு 550 சுற்று எனின், 14 மி.மீ. வெட்டிக்கு அது மிகப் பொருத்தமானது. அதே பொறியில் 35 மி.மீ. வெட்டியைப் பொருத்தினால் வெட்டுவேகம் நிமிடத்திற்கு 60 மீட்டரைத் தாண்டிவிடும். வெட்டி சூடேறி விரைவில் மழுங்கும். மழுங்கிய வெட்டிக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுவதால், மேற்கூறிய நெம்புதல் இடரும் மிகும். ஆகவே பெயர்த்தட்டில் உள்ள பெரும விட்டம் பொறியால் ஒருவாறு இடக்கூடிய விட்டமே தவிர, எளிதாக இடக்கூடிய விட்டம் அன்று.

வீட்டுப் பட்டறைக்குத் தெரிவு செய்தல்

வாங்குவதற்கு முன், துளையிடப் போகும் எஃகின் தடிமனையும் துளைகளின் விட்டத்தையும் எழுதிப் பார்ப்பது நன்று. வீட்டுக் கதவு, சன்னல் கம்பி, மாடிக் கூரைச் சட்டகம், அலமாரி போன்றவை பெரும்பாலும் 2 முதல் 5 மி.மீ. வரையிலான குழாய்களாலும் ஆங்கிள்களாலும் ஆனவை. இவற்றுக்குக் காந்தத் துளைப்பொறி ஏற்றதன்று. இழுவண்டி அடிச்சட்டம், பளு அழுத்தி, வேலைமேசை, கனமான சானல்கள் ஆகியவற்றில் 10 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட தடிமனில் 12 மி.மீ.க்கு மேற்பட்ட துளைகள் இடுவோர்க்கே இதன் முழுப்பயன் கிடைக்கும்.

விலை குறைந்த பொறி ஒன்றை வாங்கும்போது கவனிக்கத்தக்கவை:

- பிடிவிசை எந்தத் தடிமனில் அளக்கப்பட்டது என்பதும், பொறியைப் பயன்படுத்தத்தக்க குறைந்த தடிமனும் கையேட்டில் கூறப்பட்டிருக்க வேண்டும்.
- காந்தம் இயங்காதபோது இயக்கி சுழலக்கூடாது. இவ்விடைப்பூட்டு இல்லாத பொறியைத் தவிர்க்க வேண்டும்.
- மின்சாரம் தடைப்பட்டுத் திரும்பும்போது இயக்கி தானாகச் சுழலத் தொடங்கக்கூடாது. வெட்டியைக் கழற்றி, பொறியைக் கிடைமட்டத் தகட்டின் மீது வைத்து இயக்கி, மின்செருகியைப் பிடுங்கி மீண்டும் செருகி இதனைச் சோதிக்கலாம்.
- அடித்தளம் தட்டையாக இருக்க வேண்டும். நேர்விளிம்பு அளவுகோலை அதன் மீது வைத்தால் ஒளிக்கீற்று தெரியக்கூடாது.
- நகர்தடத்தில் ஆட்டம் இருக்கக்கூடாது. ஆட்டத்தைச் சரிசெய்யும் திருகுகள் இருத்தல் வேண்டும்.
- வெட்டித்தண்டு 19 மி.மீ. வெல்டன் வகையாக இருப்பது நன்று. ஒரே நிறுவனத்தின் வெட்டிகளை மட்டும் ஏற்கும் பொறி, பின்னர் செலவை மிகுவிக்கும்.
- கார்பன் பிரசு, சொடுக்கி, அலைதிருத்தி ஆகிய உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும்.
- பாதுகாப்புப் பட்டையோ சங்கிலியோ கட்டுவதற்கான கொக்கி அல்லது துளை உடலில் இருக்க வேண்டும்.

விலையை ஒப்பிடும்போது வெட்டிகளின் விலையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வளைய வெட்டியைச் சாதாரணச் சாணைக்கல்லில் கையால் தீட்டுவது கடினம். ஆகவே விலை குறைந்த பொறியும் தரமான சில வெட்டிகளும் சேர்ந்த தொகுதி, விலை உயர்ந்த பொறியும் தரமற்ற வெட்டிகளும் சேர்ந்த தொகுதியைவிட எப்போதாவது பயன்படுத்துபவருக்கு மேலானது. ஆனால் இடைப்பூட்டிலும் காந்தத்திலும் செலவைக் குறைத்த பொறி எவ்விலையிலும் சிக்கனமானதாகாது.

மின்னிணைப்பு

இந்தியாவிலும் இலங்கையிலும் வீட்டு மின்வழங்கல் 230 வோல்ட், 50 ஏர்ட்சு ஆகும். அமெரிக்கச் சந்தைக்கான 120 வோல்ட் பொறிகளை இங்கு நேரடியாக இணைக்கக்கூடாது. 1,100 வாட் இயக்கி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். பளு கூடும்போது இது மேலும் உயரும். எனவே இந்தியாவில் 6 ஆம்பியர் செருகுவாயைவிட, முறையான நில இணைப்புடன் கூடிய 16 ஆம்பியர் செருகுவாய் ஏற்றது. 30 மில்லியாம்பியர் கசிவு மின்காப்பியும் இருத்தல் வேண்டும். நீளமான, மெல்லிய நீட்டிப்புக் கம்பியும் சிறிய மின்னாக்கியும் மின்னழுத்தத்தைக் குறைத்துக் காந்தத்தை வலுவிழக்கச் செய்யலாம்.

பாதுகாப்பு

மின்காந்தம் மின்சாரம் உள்ளவரை மட்டுமே பற்றும். செங்குத்துப் பரப்பிலோ தலைக்கு மேலோ பொறி பொருத்தப்பட்டிருக்கும்போது மின்வெட்டு ஏற்பட்டால், 10 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையுள்ள பொறி கீழே விழும். எனவே அத்தகைய நிலைகளில் பாதுகாப்புச் சங்கிலி அல்லது பட்டையால் பொறியை எஃகு அமைப்புடன் கட்டியே வேலை செய்ய வேண்டும். துளையிடுபவரோ மற்றவரோ பொறிக்கு நேர்கீழே நிற்கக்கூடாது.

பிற முன்னெச்சரிக்கைகள்:

- காந்தம் பற்றும் இடத்தில் வண்ணப்பூச்சையும் துருவையும் நீக்கித் துடைக்க வேண்டும்.
- மெல்லிய தகட்டில் துளையிட நேர்ந்தால், அதன் அடியில் தடித்த எஃகுத் தகட்டை இடைவெளியின்றி வைத்து, இரண்டையும் சேர்த்துக் கவ்வியால் இறுக்க வேண்டும்.
- சீவல்களை ஓடும்போது கையால் நீக்கக்கூடாது. அவை கூர்மையானவை, சூடானவை. பொறியை நிறுத்திய பின் கொக்கியால் அகற்ற வேண்டும்.
- தளர்ந்த கையுறை, துண்டு, நீண்ட கைச்சட்டை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கண்காப்பு கட்டாயம்.
- துளை முடியும் தறுவாயில் நடுக்கட்டை சூடாகவும் விசையுடனும் வெளியே விழும்.
- அதே எஃகு அமைப்பில் மின்வில் பற்றவைப்பு நடக்கும்போது பொறியைப் பயன்படுத்தக்கூடாது. பற்றவைப்பு மின்னோட்டம் பொறியின் நிலக்கம்பி வழியாகத் திரும்பக்கூடும்.
- இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இப்பொறியை இயக்கக்கூடாது. அருகில் நிற்பதையும் தவிர்க்க வேண்டும்.

மாற்று வழிகள்

எடுத்து வரக்கூடிய சிறிய பொருட்களில் துளையிட மேசைத் துளைப்பொறியே ஏற்றது. அதில் மெல்லிய தகடு, அலுமினியம், துருவேறா எஃகு, மரம் ஆகிய அனைத்தையும் கவ்வியால் இறுக்கித் துளையிடலாம். மெல்லிய குழாய்களுக்குக் கைத்துளைப்பொறியும் படித்துளையலகும் போதுமானவை. ஆண்டுக்குச் சில துளைகள் மட்டுமே தேவைப்படுவோர், பொறியை வாடகைக்கு எடுக்கலாம் அல்லது துளைகளை மட்டும் அருகிலுள்ள பட்டறையில் இட்டுப் பெறலாம்.

காந்தத் துளைப்பொறியை ஏற்கெனவே வைத்திருப்போர், வேலைமேசையில் 20 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட தடிமனுள்ள எஃகுத் தகட்டை நிலையாகப் பொருத்தி, அதன் மீது பொறியைப் பற்றவைத்துச் சிறு மேசைத் துளைப்பொறியாகவும் பயன்படுத்தலாம். இம்முறையில் காந்தம் எப்போதும் தடித்த தகட்டையே பற்றுவதால், துளையிடப்படும் பொருளின் தடிமன் பிடிவிசையைப் பாதிப்பதில்லை. ஆயினும் பொருளைத் தனியே கவ்வியால் இறுக்குவது இன்றியமையாதது.